சுவரில் முட்டி நிற்கும் தெருக்கள்

நேயர்களுக்கு வணக்கம். நகரம் வளர்கிறது என்றதும் நம் கண் கட்டடங்களின் மேல்தான் போகிறது. எனக்குத் தெருக்கள்தான் முக்கியம். ஒரு தெரு அடுத்த தெருவோடு சேர்கிறதா, இல்லையா?

சென்னை ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் அடுத்தடுத்து நீளுகின்றன. இடையிடையே குறுக்குச் சந்துகள். நெரிசல் உண்டுதான், ஆனால் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் புகுந்து போய்விடலாம். 1920களில் ஏரியைத் தூர்த்து அமைத்த தியாகராய நகரிலும், பிறகு வந்த அண்ணா நகரிலும் தெருக்களை ஒன்றோடொன்று சேர்த்தே போட்டார்கள்.

அப்புறம் நகரம் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையோரம் நீண்டது. வயல்கள் துண்டு துண்டாகக் கைமாறின. வாங்கியவர்கள் தனித்தனியாக மனை பிரித்து, மெயின் ரோட்டுக்கு மட்டும் வழி விட்டு, மற்ற பக்கங்களில் காம்பவுண்டு சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை அனுப்ப, மெயின் ரோட்டுக்கு வந்து, யூ டர்ன் எடுத்து, சுற்றிப் போக வேண்டும். பால் வாங்கப் போகிறவரும் ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான். அதை ஆறு வழியாக அகலப்படுத்தியும் நெரிசல் தீரவில்லை என்றால் காரணம் இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாய். சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று கடக்கிற இடங்கள் கொஞ்சம்தான்.

கட்டடத்தை ஐம்பது வருடத்தில் இடித்துக் கட்டுவார்கள். தெருவின் கோடு நூற்றாண்டு தாண்டியும் அப்படியே கிடக்கும். வீடுகள் வந்த பிறகு ஒரு குறுக்குத் தெருவைத் திறப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் மனைப்பிரிவு வரைபடமாக இருக்கும்போதே கேட்க வேண்டும்: பக்கத்து நிலத்துக்கு வழி எங்கே? பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விடச் சொல்லும் விதி நம்மிடம் இருக்கிறது. தெரு இணைப்புக்கும் அதே கண்டிப்பு வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009இல் இதைச் செய்தது: புதுக் குடியிருப்பின் தெருக்கள் சுற்றுப்புறத்தோடு இணைந்தால்தான் அவற்றை அரசு ஏற்றுப் பராமரிக்கும் என்றது.

சரி, ஏற்கெனவே எழுந்துவிட்ட சுவர்களை என்ன செய்வது? குடியிருப்போர் சங்கங்களின் பாதுகாப்புக் கவலை நியாயமானது. வண்டிகளுக்குத் திறக்க வேண்டாம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பகலில் மட்டுமாவது ஒரு சிறு கேட் வையுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைப் பேச்சுக்கு எடுங்கள்.