கொலையாளி தெரிந்த பிறகும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களைத் தாங்கி நிற்பது குற்றத்தின் புதிரா, மனிதரின் அறச்சிக்கலா என்பது இன்றைய வழக்கு. அறச்சிக்கலே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கொலையாளி யார் என்று அறியத்தான் மக்கள் திரைமுன் அமர்கிறார்கள், துப்பறிவாளரின் வீட்டுச் சண்டைகள் வெறும் வேகத்தடைகள் என்றார்.

அப்படியானால் கொலம்போ தொடரை என்ன செய்வது? 1971இல் தொடராகத் தொடங்கிய அதில், பெரும்பாலான கதைகளில் கொலையாளியின் முகத்தைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அவன் எப்படிப் பிடிபடுவான் என்பதும் புதிர்தானே என்று எதிரணியினர் கேட்கலாம், நியாயம்தான். ஆகவே அதை விட்டுவிட்டு, அவர்களுக்கே உகந்த தொடருக்கு வருகிறேன்.

2013இல் வெளிவந்த பிரிட்டனின் பிராட்சர்ச், கொலையாளி யார் என்ற ஒரே கேள்வியை எட்டுப் பகுதிகளுக்கு இழுத்துச் சென்ற தொடர். பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். முடிவைச் சொல்லாமல் என்னால் இவ்வழக்கை நடத்த இயலாது. டேனி என்ற சிறுவன் கொல்லப்படுகிறான். விசாரிக்கும் காவல் அதிகாரி எல்லி மில்லர் அவனுடைய தாய்க்குத் தோழி. எல்லியின் மகன் டேனிக்கு நண்பன். விசாரணையின் நடுவில் சூசன் என்ற பெண், தன் கணவன் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமை தனக்குத் தெரியவே தெரியாது என்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று எல்லி அவளிடம் சீறுகிறாள். கடைசியில் கொலையாளி எல்லியின் கணவன் ஜோ என்று வெளிப்படும்போது, டேனியின் தாய் அதே கேள்வியை எல்லியிடம் கேட்கிறாள். புதிர் அந்தக் கணத்தில் அவிழ்ந்துவிட்டது. ஆனால் பார்ப்பவர் எவரும் எழுந்து போகவில்லை என்றால், அவர்களை உட்கார வைத்தது எது?

இன்னும் கேளுங்கள். உண்மை அறிந்த எல்லி காவல் நிலையத்திலேயே கணவனை அடித்து நொறுக்குகிறாள். மனைவியாக அவள் செய்தது நமக்குப் புரிகிறது. நம்மில் பலர் மனத்துக்குள் அதற்குத் தலையசைத்திருப்போம். ஆனால் 2015இல் வந்த இரண்டாம் பருவத்தில், அந்த அடியைக் காரணம் காட்டியே அவனுடைய ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்க மறுக்கிறது. அவன் விடுதலையும் ஆகிறான். மனைவியின் கோபம் காவலரின் கடமையைத் தின்றுவிட்டது. அவளைக் குற்றம் சொல்வதா, அவளுக்காக வருந்துவதா என்ற திண்டாட்டத்தைப் பார்ப்பவர் தலையில் ஏற்றிய இடத்தில்தான் அந்தத் தொடர் உயர்ந்தது என்பது என் கருத்து.

2014இல் தொடங்கிய ஹேப்பி வேலியில் புதிருக்கு இடமே குறைவு. அதில் ஒரு பெண்ணைக் கடத்தியவர்கள் யார் என்பதை நாம் முதலிலேயே அறிவோம். காவல் சார்ஜன்ட் கேத்தரின் கேவுட், பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் பின்னர் உயிரை மாய்த்துக்கொண்ட தன் மகளின் பிள்ளையை வளர்க்கிறாள். அந்தப் பிள்ளையின் தகப்பனே அவ்வன்முறையைச் செய்தவன். அவனைத் தேடும்போது அவள் தேடுவது நீதியையா, பழியையா? மூன்றாம் பருவத்தில் அவளுடைய தங்கையே அவளுக்குத் தெரியாமல் பேரனைச் சிறைக்கு அழைத்துச் சென்று தகப்பனிடம் காட்டுகிறாள். அது துரோகமா, பிள்ளையின் உரிமையா? எந்தக் கைரேகை நிபுணராலும் இதற்கு விடை சொல்ல முடியாது.

குடிப்பழக்கம், மணமுறிவு, பேசாத மகள் என்று துப்பறிவாளர்களுக்கு ஒரே சட்டையைத் தைத்துப் போடுகிறார்கள் என்ற எதிரணியின் குறையை நான் மறுக்கவில்லை. வழக்கோடு ஒட்டாத துயரம் வெறும் ஒப்பனைதான். அப்படிப்பட்ட தொடர்களை நானும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அது எழுதியவரின் சோம்பல், அறச்சிக்கலின் குற்றமன்று.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை தரட்டும்: கொலையாளி யார் என்று நன்றாகத் தெரிந்த ஒரு தொடரை இரண்டாம் முறை பார்ப்பவர், எந்தப் புதிரை அவிழ்க்க அமர்கிறார்? விடை கிடைத்தால் நானே அவர் அணிக்கு வந்து அமரத் தயார். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.