கஞ்சாச் செடியின் வாசனை எங்கே இருக்கிறது?

வணக்கம் நண்பர்களே. இதோ, என் உள்ளங்கையில் நான்கு மிளகு. இதை ஒரு தட்டு தட்டுகிறேன், பாருங்கள். மரக்கட்டை வாசம் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. அதில் பீட்டா கேரியோஃபிலீன் என்ற பொருளுக்கும் பங்கு உண்டு. கஞ்சாப் பூவிலும் அதேதான் இருக்கிறது!

இந்த வகைப் பொருள்களுக்கு டெர்பீன் என்று பெயர். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன், ஊசியிலை மரங்களின் பைனீன், லாவெண்டரின் லினலூல் எல்லாம் ஒரே குடும்பம். கஞ்சாவுக்கென்று தனி வாசனைச் சரக்கு ஏதும் கிடையாது, இவற்றின் கலவை விகிதம்தான் ரகத்துக்கு ரகம் மாறுகிறது என்றே நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

பூவை உருப்பெருக்கியில் பார்த்தால், காம்பின்மேல் கண்ணாடிக் குண்டு வைத்ததுபோல் நுண்ணிய சுரப்பி முடிகள் தெரியும். டெர்பீன்கள் சேர்வது அந்தக் குண்டுக்குள்தான். போதை தரும் டிஹெச்சியின் மூலப்பொருளும் அங்கேயேதான் உருவாகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு. வாசனை தூக்கலாக இருப்பதால் போதையும் கூடுதல் என்று சொல்வது தப்பு.

சரி, அப்படியானால் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சுவதுபோல் கஞ்சாவிலிருந்து மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம்? அதற்குக் காரணம் டெர்பீன் இல்லை. கந்தகம் கலந்த சேர்மங்கள்தான் காரணம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மிக மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடுகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று, வெயில் பட்டுக் கெட்டுப்போன பீரிலும் உண்டாகிறது. பீரைப் பழுப்புப் பாட்டிலில் அடைப்பது இதைத் தடுக்கத்தான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுபடி மிளகுக்கு வருவோம். கேரியோஃபிலீன் நம் உடலின் சிபி2 ஏற்பியில் (செல்லில் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்று) போய் ஒட்டும் என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். போதைக்குப் பொறுப்பான சிபி1 ஏற்பி வேறு. அதனால் மிளகு தின்று யாருக்கும் போதை ஏறாது. 'இந்த டெர்பீன் தூக்கம் தரும், அது உற்சாகம் தரும்' என்று அட்டை ஒட்டி விற்கிறார்களே, அதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மனிதர்களிடம் அதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை.

அப்புறம் ஒன்று. பூ காயக் காய, மிர்சீன், லிமோனீன் போன்ற லேசான டெர்பீன்கள் முதலில் பறந்துவிடும். கனமான கேரியோஃபிலீன் தங்கி, காற்றுப் பட்டு ஆக்சைடாக மாறும். மோப்ப நாய் பிடிப்பது டிஹெச்சியை அல்ல, அதற்கு வாசனையே கிடையாது. நாய் பிடிப்பது ஆவியாகும் வாசனைப் பொருள்களைத்தான், அவற்றில் இந்த ஆக்சைடும் ஒன்று.