டிஸ்க் காணோம் என்கிறதா லினக்ஸ்?

வணக்கம் நேயர்களே. லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாம் என்று பென்டிரைவைச் செருகி உட்கார்கிறீர்கள். மொழி, கீபோர்டு, நேரம் எல்லாம் கேட்டு முடித்து, எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும் இடம் வருகிறது. பட்டியலில் இருப்பது நீங்கள் செருகிய பென்டிரைவ் மட்டும். உடனே டிஸ்க் போய்விட்டது என்றோ, இது லினக்ஸுக்கு ஒத்துவராது என்றோ முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. டிஸ்க்கை மதர்போர்டு எப்படிக் காட்டுகிறது என்பதில்தான் சிக்கல்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப் 2 பட்டனை விட்டுவிட்டு அழுத்துங்கள். பயாஸ் திரை வரும், மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் இடம் அது. சாட்டா மோடு என்ற வரியைத் தேடுங்கள், டிஸ்க்குகளை மதர்போர்டு கையாளும் முறையைச் சொல்வது அது. அதில் ரெய்டு என்றோ ஆர்எஸ்டி என்றோ, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் முறை இருந்தால், உங்கள் என்விஎம்இ டிஸ்க் (வேகமான வகை டிஸ்க்) அந்த கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றுங்கள். அவ்வளவுதான், பெரும்பாலும் டிஸ்க் தெரிந்துவிடும்.

ஆனால் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸுக்குள் போய், எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியில் சேஃப் பூட் என்பதை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழுந்ததும் டிக்கை எடுத்துவிடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை இதற்கெல்லாம் முன்பே காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: எண் கையில் இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் ஒருநாள் டிஸ்க்கே இல்லை என்கிறது. பயாஸில் பார்த்தால் தேதியும் பல வருடம் பின்னால் போயிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்தால் பயாஸ் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். நீங்கள் மாற்றிய ஏஹெச்சிஐயும் போய்விடும். பேட்டரியை மாற்றி, அந்த வரியை மறுபடி மாற்றினால் போதும்.

மதர்போர்டிலேயே செருகும் தட்டையான எம் 2 டிஸ்க் வாங்குகிறவர்கள் அதன் தங்க நிறப் பற்களைக் கவனியுங்கள். ஒரு வெட்டு என்றால் பொதுவாக என்விஎம்இ, இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் சாட்டா, அதாவது பழைய, மெதுவான வகை. என்விஎம்இக்கு மட்டுமான ஸ்லாட்டில் சாட்டா டிஸ்க் கச்சிதமாகப் பொருந்தும், ஸ்குரூவும் ஏறும். ஆனால் டிஸ்க் தெரியாது. சில மதர்போர்டுகளில் எம் 2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும். எந்த போர்ட் என்பது மேனுவலில் இருக்கும்.

ஆகவே வாங்கியதும் அழித்து எழுதாதீர்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, கட்டளை தட்டும் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்துப் பாருங்கள். டிஸ்க்கும் அதன் கொள்ளளவும் தெரிந்தால் இன்ஸ்டால் செய்யலாம்.

நேரம் நெருங்கிவிட்டது, இரண்டே விஷயம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர் வேண்டாம், புதிய முறையான ஜிபிடி போடுங்கள். எம்பிஆர் முறையில் மிச்ச இடம் எட்டாது. அடுத்து, சாட்டா டிஸ்க் அடிக்கடி திணறினால் டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற வரிசையைப் பாருங்கள், கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது. மேலே ஏறாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். வணக்கம்.