மண்ணுக்கு ஓர் ஆள் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மண்ணைக் காப்பது தனி உழவரின் உறுதியா, கூடி வாழும் சமூகமா என்பது கேள்வி. சமூகம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் இரண்டு விஷயம் சொன்னார். உறுதியான ஒரு விவசாயி தன் வயலில் ரசாயனத்தை நிறுத்தினால் போதும், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரைப் பாருங்கள் என்றார். புதுச்சேரி அருகே பல நாட்டவர் கூடி வாழும் ஆரோவில் போன்ற இடங்கள் வசதியுள்ளவர்களின் தீவு என்றார்.

சரி, ஆரோவிலுக்கே வருகிறேன். 1968 பிப்ரவரி 28 அன்று அது தொடங்கியபோது அங்கே இருந்தது மொட்டைச் செம்மண் மேடு. மழை பெய்தால் மேல்மண் ஓடைகளில் கரைந்து வங்கக் கடலுக்குப் போகும். அந்த நிலத்தில் கன்று நட்டால் மட்டும் நிற்காது. முதலில் கரை போட்டு மழையை மறிக்க வேண்டும், ஆடு மாடு மேயாமல் காக்க வேண்டும், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேகமாக வளரும் அக்கேசியா போன்ற மரங்களை வளர்த்து, அந்த நிழலில் பாலை, வீரை, காசா என்று நம் மண்ணின் மரங்களைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து உழைத்தார்கள். விளைச்சல் எதுவும் தராத நிலத்துக்கு இத்தனை வருடம் உழைக்க எந்தத் தனி ஆளின் கையிருப்பு தாங்கும்?

அந்த மரங்களுக்கு விதை எங்கே கிடைத்தது தெரியுமா? அந்தப் பக்கத்துக் கோயில் காடுகளில். ஐயனாருக்குப் பயந்து ஊரே கை வைக்காமல் விட்டிருந்த காடுகள் அவை. அதுவும் ஒரு சமூகத்தின் கட்டுப்பாடுதான், நடுவர் அவர்களே.

ஆரோவில் தன் உணவில் சிறு பகுதியைத்தான் தானே விளைவிக்கிறது. உண்மை. சாலைக்காக மரம் வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்மை. நான் எதையும் மறைக்கவில்லை. கூடி வாழ்வது சுலபம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை.

இப்போது தனி விவசாயி. ரசாயனத்தை விட்ட முதல் சில வருடங்களில் மகசூல் குறையலாம். வட்டிக்கு வாங்கி நடவு நட்டவர் அதை எப்படித் தாங்குவார்? பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றிலும் வாய்க்காலிலும் இவர் வயலுக்கு வருகிறதே, அதை உறுதி தடுக்குமா? அரசாங்கத்துக்கே இது புரிந்திருக்கிறது. பிஜிஎஸ் என்ற பங்கேற்பு முறை இயற்கை வேளாண் சான்றுக்கு விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். 2015இல் வந்த மத்திய அரசின் இயற்கை வேளாண் திட்டமும் 50 விவசாயிகள், 50 ஏக்கர் என்று தொகுப்பாகத்தான் தொடங்கியது.

அப்புறம் நம்மாழ்வார். தோழர் நல்ல பெயரைச் சொன்னார், நன்றி. ஊர் ஊராக நடந்த அந்த மனிதர், கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வறண்ட நிலத்தில் வானகம் என்ற பயிற்சிப் பண்ணையை ஏன் உருவாக்கினார்? பலர் வந்து தங்கி, மண்ணில் கை வைத்துக் கற்க வேண்டும் என்றுதானே? 2013 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்தார். பயிற்சி நிற்கவில்லை. அவர் தனி ஆளாக மட்டும் இருந்திருந்தால் அவரோடு முடிந்திருக்கும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம் இது. திருவண்ணாமலை அருகே மருதம் பண்ணைப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் இயற்கைப் பண்ணைக்குள்ளேயே ஒன்றாகப் படிக்கிறார்கள். மலையில் மரம் வளர்க்கும் வேலையும் அவர்களுக்குப் பாடம். எதிரணி சொல்லும் அந்த உறுதியான விவசாயியின் பிள்ளையோ காலையில் பள்ளி வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறது. அந்தப் பிள்ளைக்குக் கரை கட்டவும் விதை எடுக்கவும் யார் கற்றுத் தருவார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் இதற்குப் பதில் சொல்லட்டும்.