கூண்டுக்குக் கீழே ஒரு சீட்டு

(சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்ட மண்டபத்தில், கண்காட்சிக்குப் பொருள் திரட்டிய இளைஞர்களிடம் பேசியது)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ரப்பர் பால் பிடித்த மங்கு, மரம் சீவிய உளி, தோளில் காவிய காண்டா வாளி, அம்மிக்கல், தோட்டக் கணக்கர் கிராணி வீட்டு ரேடியோ என்று நிறைய சேர்த்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் எல்லாவற்றையும் நீள மேசையில் அடுக்கினால் பாசார் மாலாம், அதான் இரவுச் சந்தை, கடை ஆகிவிடும். எதை வெளியே வைப்பது, எதை உள்ளேயே விடுவது என்று முடிவெடுப்பதுதான் கண்காட்சியைத் தொகுக்கும் கியூரேட்டரின் முதல் வேலை. வாளி கொடுத்த அத்தை கோபித்துக்கொள்வார். அந்த ஏச்சையும் கியூரேட்டர்தான் வாங்க வேண்டும்.

1974இல் கோலாலம்பூரில், டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா என்ற மலாய் மொழி நிறுவனத்தில், ரெட்சா பியாடாசா, சுலைமான் ஈசா என்ற இரண்டு கலைஞர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பாதி குடித்த இரண்டு கோக்கோ கோலா பாட்டில்கள். பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தும் கடையில் பொறுக்கிய தலைமுடி. பலர் உட்கார்ந்து எழுந்த ஒரு நாற்காலி. அப்புறம் ஒரு வெறும் பறவைக்கூண்டு.

"இதுவா கலை?" என்று உங்களுக்குத் தோன்றும். அன்றும் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் கூண்டுக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு இருக்கும் வெறுங்கூண்டு. கேட்டதுமே மனசு கூண்டை விட்டுவிட்டுப் பறவையைத் தேடப் போய்விடுகிறது. அந்த நிமிடக் கணக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கம்பிதான்.

நம் மங்குக்குக் கீழே சீட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'பால் சேகரிக்கும் கிண்ணம்'. இந்த ஊரில் அது யாருக்குத் தெரியாது? கிட்டே போய்ப் பாருங்கள். விளிம்பில் ஒட்டுப்பால் கறுத்துக் காய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் நகத்தால் உரித்த தடம். எந்தத் தோட்டத்து மரத்தில் தொங்கியது, அங்கே இப்போது செம்பனை நிற்கிறதா, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டதா? கொடுத்த பாட்டியைக் கேட்டு, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். தயவுசெய்து தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

பழைய போட்டோக்களை நகலெடுத்து நகலை மாட்டுங்கள். வெயிலில் வெளுத்த படம் பழையபடி ஆகாது. அசலை லேமினேட் செய்யவே வேண்டாம். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் தாத்தாக்களும் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள், இன்னும் இறக்கி மாட்டுங்கள்.

எனக்கு ஒரு குறை. எல்லாமே பழசு. உங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறீர்கள். அந்தச் சட்டையும் அடையாள அட்டையும் எங்கே? ஒரு சுவரை அதற்கு ஒதுக்குங்கள்.

சரி, பாதி மேசைகளை இன்றைக்கே கோயிலுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். லாரி வைத்திருக்கும் தம்பி யார்?