நூலைத் தொட்டுப் பார்த்த கை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, திருப்பூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கும் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஐயா அவர்களே, தமிழ் புரியாவிட்டாலும் முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் பானிப்பட்டு நூற்பாலை நண்பர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்று எண்பது வயதிலும் ரயிலேறி மும்பை மாட்டுங்காவுக்கு வந்திருக்கும் என் ஆசிரியர் அவர்களே, தாராவித் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய துணியிலிருந்து மறுபடியும் புதுத் துணி செய்வதற்கு இயந்திரம், முதலீடு, மனிதர் மூன்றும் வேண்டும். இந்த மூன்றையும் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன்.

துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடுகிறது. அதனால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து, குட்டை இழையையும் நூலாக்கும் ஓப்பன் எண்ட் ஆலைகளில் நூற்கிறார்கள். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் இப்படித்தான் மீண்டும் நூலாகிறது. அது வெட்டும் மேசையிலிருந்து நேரே வருவதால் என்ன துணி என்று தெரியும். நாம் உடுத்திக் கழித்த சட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு, இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழை எவ்வளவு என்று தெரியாமல் அதை எந்த ஆலையில் போடுவது? 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று என் அம்மா ஓயாமல் சொல்வார். அவர் பெண் பார்க்கப் போகும்போது சொன்னதை நான் ஆலைக்காரர்களிடம் சொல்கிறேன்.

முதலீட்டுக்கு ஒரு செய்தி. ஸ்வீடனில் ரீநியூசெல் என்ற நிறுவனம் பருத்திக் கழிவைக் கூழாக்கி, புது இழை செய்ய விற்றது. 2024 பிப்ரவரியில் அது திவாலானது. போதிய ஆர்டர் வரவில்லை. வாங்குகிறவர், நூற்கிறவர், நெய்கிறவர் எல்லாரும் முன்கூட்டியே கைகோக்காவிட்டால் எந்த ஆலையும் தனியே நிற்காது. இதை ஏற்றுமதியாளர் ஐயா என்னைவிட விவரமாகப் பேசுவார்.

நான் மனிதருக்கு வருகிறேன். என் தந்தை தாராவியில் தையல்காரர். முப்பது வருடம் கத்தரி பிடித்த கை. எங்கள் சந்துக்குக் கூடையில் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து ஒரு பாத்திரக்காரம்மா வருவார். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். பழந்துணி கொடுத்தால் பாத்திரம் கிடைக்கும். ஒருநாள் அம்மா ஒரு தூக்குச்சட்டிக்காக அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டார். அந்த அம்மாள் இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இதில் கலப்பு இருக்கிறது" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "சுத்தப் பருத்தி. துணி எடுத்தவன் நான், தைத்தவன் நான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். அந்த நூலோ சுருண்டு, கறுத்து, நுனியில் கடுகு போல் இறுகி நின்றது. அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த தன் ஸ்டூலை எடுத்து வந்து, "உட்காருங்கள் அம்மா" என்றார். அந்த ஸ்டூலில் எங்களை உட்காரவிட்டதே இல்லை அவர்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்கிறது என்று 2022இல் ஃபேஷன் ஃபார் குட் அமைப்பின் ஆய்வு சொன்னது. அதைப் பிரிக்க அகச்சிவப்புக் கதிர் இயந்திரம் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் வீடு வீடாகப் போய்த் துணியை வாங்கி, பித்தான் ஜிப் பார்த்து, நல்லது கிழிந்தது பிரித்து அந்த இயந்திரத்தின் வாசல் வரை கொண்டுவருவது யார்? அந்தப் பாத்திரக்காரம்மாவைப் போன்ற பெண்கள்தான். இன்றும் அவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். மும்பை மழையில் ஒருமுறை நனைந்தால் மூட்டை பூசணம் பிடித்துவிடும். நூலைப் போல சேலை என்றால், அந்த நூலை முதலில் அறிகிற கைக்கு ஒரு கூரை வேண்டாமா? ஒரு தராசு, எடைக்கு எழுதிக்கொடுக்கும் ரசீது, நாள் கூலி வேண்டாமா? மூன்று வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் ஒப்பந்தம் பேசும் மேசைக்குப் பத்து நாற்காலிகள் போட்டிருப்பதாகத் தலைவர் அவர்கள் சொன்னார்கள். பதினோராவது நாற்காலி ஒன்று போடுங்கள் ஐயா. அதில் உட்கார வேண்டியவரை நானே அழைத்துவருகிறேன்.