பாண்டுக்கு ஆட்டோ ஓட்டிய சென்னைக்காரர் ஏன் சாக வேண்டும்?

வணக்கம் நண்பர்களே! உதய்ப்பூர் தெருவில் ஓர் ஆட்டோ சீறிக்கொண்டு வருகிறது. உள்ளே சினிமாவின் பிரிட்டிஷ் ஒற்றர் ஜேம்ஸ் பாண்ட். ஓட்டுவது யார் தெரியுமா? நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்! துரத்தி வரும் அடியாட்களை டென்னிஸ் மட்டையாலேயே விளாசுகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் டென்னிஸ் மேட்ச் பார்ப்பதுபோலத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறது.

1983-ல் வந்த பாண்ட் படம் 'ஆக்டோபஸி'. இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதே படத்தில், வட்ட ரம்பம் கட்டிய ஒரு யோ-யோவால் விஜய்யைக் கொன்றுவிடுகிறார்கள். பாண்டுக்கு ஒரு கீறல்கூட விழாது.

ஒற்றர் படத்தில் அரசியல் என்றால் எல்லாரும் வில்லனைத்தான் பார்ப்பார்கள். முதலில் ரஷ்யர், அப்புறம் வட கொரியர், அப்புறம் பயங்கரவாதி. சரி, அது தெரிந்த கதை. நீங்கள் பார்க்க வேண்டியது ஹீரோவின் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரை. அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? கடைசிவரை உயிரோடு இருந்தாரா?

1962-க்குப் போவோம். ஆகஸ்டில் ஜமைக்காவுக்கு பிரிட்டனிடமிருந்து விடுதலை. அக்டோபரில், ஜமைக்காவில் எடுத்த முதல் பாண்ட் படம் 'டாக்டர் நோ' திரைக்கு வருகிறது. அதில் படகுக்காரர் குவாரலாக நடித்தவர் ஜான் கிட்ஸ்மில்லர். 1957-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். அதை வாங்கிய முதல் கறுப்பின நடிகர். அவரிடம் பாண்ட் என்ன சொல்கிறார் தெரியுமா? தன் ஷூவை எடுத்துவரச் சொல்கிறார்! பிறகு நெருப்புக் கக்கும் வண்டி ஒன்று குவாரலை எரித்துவிடுகிறது. அடுத்த ஆண்டுப் படத்தில் இஸ்தான்புல் நண்பர் கெரிம் பே, ரயிலில் கொலை.

மறுபடி விஜய்யிடம் வருவோம், ஏனென்றால் இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1974-ல் நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு இந்தியா வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்றுவரை நாம் அந்தக் கோப்பையை வென்றதே இல்லை. அந்த அணியின் நட்சத்திரம் விஜய் அமிர்தராஜ். அப்படிப்பட்ட மனிதர் நிற்கும் காட்சியில், சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாயை இந்தியக் கூட்டாளிகளிடம் நீட்டி, சில வாரம் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற மாதிரி பாண்ட் பேசுகிறார். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

[திரையில்: கைவிலங்கோடு மோட்டார் சைக்கிள்]

1997, 'டுமாரோ நெவர் டைஸ்'. சீன உளவுத்துறைக் கர்னல் வை லின்னாக, மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ. அவரையும் பாண்டையும் ஒரே கைவிலங்கில் பூட்டியிருக்கிறது. ஒரே வண்டி. ஒரு கைப்பிடி பாண்டிடம், இன்னொன்று வை லின்னிடம். ஒருவர் கையை விட்டால் இருவரும் காலி. சைக்கிள் கடை வேடம் போட்ட தன் மறைவிடத்தில் ஒரு கும்பலையே தனியாளாகப் புரட்டி எடுக்கிறார் பாருங்கள், அடேயப்பா! ஆனால் கடைசியில் அவரையும் சங்கிலியில் கட்டித் தண்ணீருக்குள் தள்ளி, பாண்ட் வந்து காப்பாற்றும்படி வைத்துவிட்டார்கள். அது வேண்டாத வேலை.

2021, 'நோ டைம் டு டை'. மறுபடி அதே ஜமைக்கா. பாண்டின் வண்டி கிளம்பவில்லை. ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார் ஒரு பெண். லஷானா லிஞ்ச், ஜமைக்கா வேர் உள்ளவர். பாண்டின் ஒற்றர் எண்ணான 007 இப்போது அவருடையது! பாண்ட் பின்சீட்டில். படம் முடியும்போது பாண்ட் இறந்துபோகிறார், அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார். குவாரலில் இருந்து 59 வருஷம்!

ஆனால் நடுவில் அந்த எண்ணை அவரே பாண்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஏன் கொடுக்க வைத்தார்கள்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.